யாரைக் கேட்டுத் திருத்துகிறார்கள்?

(மணிமங்கலத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, தாய்மார்களே, ஒரகடத்தில் முதல் ஷிப்டு முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இங்கே வந்திருக்கிற தம்பிகளே,

இந்திய அரசியல் சட்டத்தை இதுவரை நூறு தடவைக்கு மேல் திருத்தியிருக்கிறார்கள். 2023இல் வந்த பெண்கள் இடஒதுக்கீடு 106ஆவது திருத்தம். இத்தனை திருத்தத்தில் ஒரு தடவையாவது யாராவது உங்க வாசலுக்கு வந்து, "இதைத் திருத்தப் போறோம், உனக்குச் சம்மதமா?"ன்னு கேட்டதுண்டா? எம்.எல்.ஏ.க்கு ஓட்டுப் போட்டிருக்கீங்க. எம்.பி.க்குப் போட்டிருக்கீங்க. வார்டு மெம்பருக்குப் போட்டு அதுக்கு அடிதடியும் பார்த்திருக்கீங்க. ஆனா சட்டத்துக்கு ஓட்டுப் போட்டதில்லை. இங்கே மணிமங்கலத்தில்தான் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நரசிம்மவர்ம பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் மோதினாங்க என்று சரித்திரப் புத்தகம் சொல்லுது. அன்னிக்கும் வயல்ல இருந்தவனைக் கேட்டு யாரும் சண்டை போடலை. இன்னிக்கு ராஜா இல்லை, அரசியல் சட்டம் இருக்கு. அதைத் திருத்தும்போது நம்மைக் கேட்கணுமா, கேட்டா நல்லதா, எப்படிக் கேட்கணும் — இதுதான் நான் பேச வந்தது.

முதல்ல, இப்ப எப்படி நடக்குதுன்னு பார்த்துருவோம். சட்டத்தின் 368ஆவது பிரிவு. திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் மட்டும்தான் கொண்டுவர முடியும். ஒவ்வொரு சபையிலும் மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல் ஆதரிக்கணும். வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணில் ரெண்டு பங்கு ஆதரிக்கணும். சில பிரிவுகளைத் தொட்டால், நாட்டில் உள்ள மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது ஒப்புக்கொள்ளணும். அப்புறம் குடியரசுத் தலைவர் கையெழுத்து. அவ்வளவுதான் கதை. மாநிலத்துக்குத் தனி அரசியல் சட்டம் கிடையாது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் ஒண்ணு இருந்தது, 2019இல் அதையும் ஒழிச்சாச்சு. ஒரு மாநிலம் "இந்தத் திருத்தம் வேணும்"னு டெல்லியைக் கெஞ்சலாம், நெருக்கலாம். 69 சதவீதச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கத் தமிழ்நாடு அப்படித்தான் நெருக்கியது, 1994இல் 76ஆவது திருத்தம் வந்தது. ஆனா மசோதாவைத் தானே கொண்டுபோய் வைக்கும் உரிமை சட்டமன்றத்துக்கு இல்லை. வாக்காளனுக்கு எதுவுமே இல்லை.

இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கும்னு தெரியணும்னா 103ஆவது திருத்தத்தைப் பாருங்க. உயர்சாதி ஏழைகளுக்குப் பத்து சதவீதம். 2019 ஜனவரி 8ஆம் தேதி மக்களவையில் வைத்தார்கள். அன்னிக்கே நிறைவேறிடுச்சு. ஆதரவு 323, எதிர்ப்பு 3. மறுநாள் மாநிலங்களவை. 12ஆம் தேதி கையெழுத்து. 14ஆம் தேதி, போகி அன்னிக்கு அமல். ஒரே வாரம். நம்ம காலனிக்கு ஒரு தெருவிளக்கு மாற்ற இதைவிட அதிக நாள் ஆகும். அந்தத் திருத்தத்தில் 'ஏழை' என்ற வார்த்தைக்குள்ளே தலித் ஏழை வரமாட்டான், பழங்குடி ஏழை வரமாட்டான், பிற்படுத்தப்பட்ட ஏழையும் வரமாட்டான். 2022 நவம்பரில் உச்சநீதிமன்றமும் மூணுக்கு ரெண்டுன்னு அது செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டமன்றங்களின் ஒப்புதல்கூடத் தேவைப்படலை. 323 பேர் கை தூக்கினாங்க, முடிஞ்சுது.

இதைப் பார்க்கிற நம்ம பிள்ளைகளுக்குக் கோபம் வருது. "தோழர், இதையெல்லாம் மக்கள்கிட்ட விடணும். பொது வாக்கெடுப்பு வைக்கணும்"னு சொல்றாங்க. இது புதுசா யோசிச்ச விஷயமில்லை. ஒரு தடவை டெல்லியிலேயே கிட்டத்தட்ட சட்டமாகியிருக்கும்.

நெருக்கடி நிலை முடிந்து 1977இல் ஜனதா ஆட்சி வந்தது. இந்திரா காந்தி 42ஆவது திருத்தம் மூலம் செய்ததை எல்லாம் சரிசெய்ய 1978இல் ஒரு மசோதா கொண்டு வந்தாங்க. சட்ட அமைச்சர் சாந்தி பூஷண். அதில் ஒரு பிரிவு: மதச்சார்பின்மையையோ ஜனநாயகத்தையோ கெடுக்கிற திருத்தம், அடிப்படை உரிமையைக் குறைக்கிற திருத்தம், நியாயமான தேர்தலுக்குப் பாதகமான திருத்தம், நீதித்துறையின் சுதந்திரத்தில் கை வைக்கிற திருத்தம் — இந்த நாலுக்கும் நாடாளுமன்றம் போதாது, நாட்டு வாக்காளர்கள்கிட்ட வாக்கெடுப்பு வைக்கணும், வாக்காளர்ல 51 சதவீதமாவது வந்து ஓட்டுப் போட்டிருக்கணும், அதில் பெரும்பான்மை ஆமாம்னு சொல்லணும். மக்களவையில் நிறைவேறிச்சு. மாநிலங்களவையில் காங்கிரஸ்தான் அப்ப பெரும்பான்மை. அவங்க அந்தப் பிரிவை வெட்டிட்டாங்க. மிச்சம் மட்டும் 44ஆவது திருத்தமாக வந்தது. அன்னிக்குச் செத்த பொது வாக்கெடுப்பு இன்னிக்கு வரைக்கும் எழுந்திருக்கலை.

இடதுசாரி நண்பர்கள் பலருக்கு இது பெரிய இழப்பு. எனக்கு அந்தத் துக்கம் முழுசா இல்லை. ஏன்னு சொல்றேன்.

1951ஐ எடுத்துக்குங்க. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் அது செல்லாதுன்னு உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரலில் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியார் கிளர்ச்சி. ஜூன் மாசத்துக்குள் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. அப்ப அம்பேத்கர் சட்ட அமைச்சர். நம்ம பிள்ளைங்க மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி வாசலைத் தாண்டுவது இந்தப் பிரிவின் பலத்தில்தான். இதை நிறைவேற்றினது யார்? தற்காலிக நாடாளுமன்றம். வயது வந்த எல்லோரும் ஓட்டுப்போட்ட முதல் பொதுத்தேர்தல் அதுக்கு அப்புறம்தான் நடந்தது. ஒரு வாக்காளனையும் கேட்காமல் வந்த திருத்தம் அது. அன்னிக்கு நாடு முழுக்கப் பெட்டி வைத்துக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவை 1950இல் ஊர் ஊராக வாக்கெடுப்புக்கு விட்டிருந்தா, நம்ம சுத்துப்பட்டில் எத்தனை ஊரில் தேறியிருக்கும்? கையை மடக்கி எண்ணுங்க.

1948 நவம்பரில் வரைவுச் சட்டத்தை அறிமுகப்படுத்திப் பேசும்போது அம்பேத்கரே இதைத் தொட்டார். மாநாடு, பொது வாக்கெடுப்பு மாதிரியான சிக்கலான வழிகளை வரைவு ஒதுக்கி வைத்துவிட்டது, திருத்தும் அதிகாரம் சட்டமன்றங்கள்கிட்டயே இருக்கு என்பதை எடுத்துச் சொன்னார். திருத்துவது ரொம்பக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். இதே அம்பேத்கர் பதினாறு வருஷத்துக்கு முன்னாடி பொது வாக்கெடுப்பு கேட்டுப் போராடினவர். அந்த இடத்துக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி, வாக்கெடுப்பு நிஜமாவே நடந்த இடங்களைப் பார்க்கணும். தூரமா போக வேண்டாம். கடலைத் தாண்டினா இலங்கை.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 83ஆவது பிரிவு உண்டு. சில விஷயங்களை மாற்ற நாடாளுமன்றத்தின் மூணில் ரெண்டு போதாது, மக்கள் வாக்கெடுப்பிலும் ஜெயிக்கணும். என்னென்ன விஷயம்? ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதலிடம், இன்னும் சில. புரியுதா? பெரும்பான்மைக்குப் பிடிச்ச விஷயத்துக்குப் பெரும்பான்மையையே காவல் வைத்திருக்கிறார்கள். தமிழனுக்கு அந்தப் பூட்டில் சாவி கிடையாது.

அந்த வாக்கெடுப்பு ஒரு தடவை நடந்தது. 1977இல் ஜெயவர்த்தனாவின் கட்சி 168 இடத்தில் 140 பிடித்தது. 1982இல் நாடாளுமன்றத் தேர்தலை நடத்தினால் அந்த எண்ணிக்கை வராது என்று தெரிஞ்சு போச்சு. நான்காவது திருத்தம் கொண்டு வந்தார். தேர்தலே வேண்டாம், இதே நாடாளுமன்றம் இன்னும் ஆறு வருஷம் இருக்கட்டும். இதுக்கு மக்கள் சம்மதமான்னு 1982 டிசம்பர் 22ஆம் தேதி வாக்கெடுப்பு. சம்மதம்னா விளக்குச் சின்னம், இல்லைன்னா பானைச் சின்னம். (சிரிக்காதீங்க, நம்ம ஊர் பானைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.) அவசரகால நிலைக்குள்ளேயே வாக்கெடுப்பு நடந்தது. விளக்குக்கு 54.66 சதவீதம், பானைக்கு 45.34. விளக்கு ஜெயிச்சுது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் பானைக்குப் போட்டாங்க. அந்த ஒன்பது பேர் என்ன ஆனாங்க? நாட்டுக் கணக்கில் கரைஞ்சு போயிட்டாங்க. தேர்தல் இல்லாமல் நீண்ட அந்த நாடாளுமன்றத்தின் காலத்தில்தான் 1983 ஜூலை வந்தது. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம், பிரிவினைக்கு எதிரான உறுதிமொழி. அதை எடுக்க மறுத்த தமிழ் எம்.பி.க்கள் பதவி போச்சு. அந்தத் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு வைக்கலை. தனக்குத் தேவைப்பட்டா மக்களைக் கேட்கிறான், தேவையில்லைன்னா கேட்கிறதில்லை.

இதைவிட நமக்கு நெருக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த 1982இல் மலையகத்தில் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளிகளுக்கு ஓட்டே கிடையாது. நம்ம ஜில்லாக்களில் இருந்து கங்காணி கூட்டிக்கிட்டுப் போன சனம். அதில் பெரும்பகுதி சேரி சனம். 1948 குடியுரிமைச் சட்டம் அவங்களை நாடற்றவங்க ஆக்கிடுச்சு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்குன்னு ஆடு மாடு மாதிரி பிரிச்சுக்கிட்டாங்க. கொழுந்து கிள்ளினவளை எந்த வாக்கெடுப்பிலும் கேட்கலை, ஏன்னா அவ பேர் பட்டியல்லயே இல்லை. 2025 நவம்பரில் இங்கே தீவிர வாக்காளர் பட்டியல் திருத்தம்னு படிவத்தைக் கையில் கொடுத்தாங்களே, வாடகை ரூம்ல இருக்கிற தம்பிகள் எந்த ஊர் முகவரி எழுதுறதுன்னு முழிச்சீங்களே, அப்ப இந்த மலையகக் கதை எனக்கு ஞாபகம் வந்தது. ஓட்டு என்ன சொல்லுது என்பது அப்புறம். பட்டியல்ல யார் என்பதுதான் முதல் கேள்வி.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் உண்டு. அங்கே டெலவேர் தவிர எல்லா மாநிலத்திலும் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வாக்காளர் சம்மதம் வேணும். பொதுவா சட்டமன்றம் முன்மொழியும், மக்கள் தேர்தல் அன்னிக்கு ஓட்டுப் போடுவாங்க. சில மாநிலங்களில் சட்டமன்றமே வேண்டாம், கையெழுத்து வாங்கி மக்களே முன்மொழியலாம். கலிபோர்னியாவில், கடந்த கவர்னர் தேர்தலில் விழுந்த ஓட்டில் எட்டு சதவீதம் அளவுக்குக் கையெழுத்து சேர்ந்தா போதும், திருத்தம் வாக்குச்சீட்டுக்கு வந்துடும். கேட்க எவ்வளவு அழகா இருக்கு!

இப்ப 1964க்குப் போவோம். அதுக்கு முந்தின வருஷம் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு நல்ல சட்டம் போட்டது: நிறத்தைப் பார்த்து வீடு வாடகைக்கு விடமாட்டேன், விற்கமாட்டேன் என்று சொல்லக் கூடாது. வீட்டுச் சொந்தக்காரர்களும் வீட்டு வியாபாரிகளும் கையெழுத்து வாங்கினாங்க. 14ஆவது முன்மொழிவு. என் சொத்தை யாருக்குக் கொடுக்கணும்னு முடிவு செய்வது என் இஷ்டம், அரசாங்கம் தலையிடக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதணும். நூற்றுக்கு அறுபத்தஞ்சு பேர் ஆமாம்னு போட்டாங்க. கருப்பு மக்களுக்கு வீடு இல்லைன்னு சொல்லும் உரிமை மக்கள் தீர்ப்பாகவே வந்துடுச்சு. அதை உடைச்சது நீதிமன்றம்தான். முதல்ல மாநிலத்தில், 1967இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில். இங்கே படப்பை, ஒரகடம் பக்கம் ரூம் தேடி அலைஞ்ச தம்பிகளுக்கு இதை விளக்கணுமா? "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு நேராக் கேட்கமாட்டான். "சொந்த ஊரு எது, ஊர்ல எந்தத் தெரு?"ன்னு கேட்பான். தெருவைச் சொன்னா ரூம் காலியில்லை. வீட்டுக்காரன்களை எல்லாம் கூட்டி வாக்கெடுப்பு வைத்தால் என்ன முடிவு வரும்?

அலபாமா மாநிலத்தின் பழைய அரசியல் சட்டத்தில், வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கருப்புப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் என்று ஒரு வரி. உச்சநீதிமன்றம் 1954லேயே அதைச் செத்த எழுத்தாக்கிவிட்டது. அந்தச் செத்த வரியை நீக்கலாமான்னு 2004இல் வாக்காளர்களைக் கேட்டாங்க. ரெண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் 'வேண்டாம்' ஜெயிச்சுது. வரி கூடிவிடும் என்று காரணம் சொன்னாங்க. காரணம் எப்பவும் வேற ஒண்ணாகத்தான் இருக்கும். கடைசியில் 2022இல்தான் அந்த மொழியைச் சுத்தம் செய்த சட்டத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தாங்க.

நம்ம நாட்டில் அந்த மாதிரி வாக்கெடுப்பு இல்லை என்று சொன்னேன். முறைப்படி இல்லை. ஆனா ஊர் வேற விதமாக வாக்கெடுப்பு நடத்துது. 73ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, பாதிக்கு மேல் மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்து, 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவியில் நமக்கு ஒதுக்கீடு. 1996இல் இங்கே தேர்தல். அரசியல் சட்டத்தில் என்னென்ன படி உண்டோ அத்தனையும் ஏறி வந்த திருத்தம். மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ன சொன்னது? எங்களுக்குச் சம்மதமில்லை. வேட்புமனு போட ஆள் இல்லாமல் செய்தாங்க. மனு போட்டு ஜெயிச்சவரையும் உடனே ராஜினாமா பண்ண வைத்தாங்க. 2006 வரைக்கும், பத்து வருஷம். மேலவளவில் முருகேசன் தலைவராக ஜெயிச்சார். 1997 ஜூன் 30ஆம் தேதி பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். டெல்லியில் மூணில் ரெண்டு போட்ட ஓட்டுக்கு ஊர் போட்ட எதிர் ஓட்டு அரிவாள். அரசியல் சட்டத்தைக் கடைசியாக ஒப்புக்கொள்ள வேண்டிய சட்டமன்றம் எதுன்னா, அது ஊர்தான். அதை 368ஆவது பிரிவில் எழுதலை.

அதனால பொது வாக்கெடுப்பு வேண்டாம், நாடாளுமன்றமே நமக்குப் பாதுகாப்பு என்று சொல்ல வர்றேனா? இல்லை. 103ஐ ஒரு வாரத்தில் முடித்ததும் அதே நாடாளுமன்றம்தான். மேலே இருக்கிறவனை நம்பு, இல்லைன்னா ஊரை நம்பு என்று இந்த ரெண்டுக்கு நடுவே நம்மைத் தள்ளுறதுதான் தந்திரம். மூணாவதா ஒரு வழியை 1932லேயே அம்பேத்கர் கேட்டார்.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனா நமக்குச் சொல்லித் தரும்போது ஒரு பக்கத்தை விட்டுவிடுறாங்க. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு ரெண்டு ஓட்டு கொடுத்தது. பொதுத் தொகுதியில் ஒண்ணு, நமக்கான தனி வாக்காளர் தொகுதியில் ஒண்ணு. மாகாண சபைகளில் 71 இடம், அதில் சென்னை மாகாணத்துக்கு 18. செப்டம்பர் 20ஆம் தேதி காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். இடம் 148 ஆச்சு, சென்னைக்கு 30. தனி வாக்காளர் தொகுதி போச்சு. அதுக்குப் பதிலா முதல்நிலைத் தேர்தல்: நம்ம வாக்காளர்கள் மட்டும் நாலு பேரைத் தேர்ந்தெடுப்பாங்க, அந்த நாலில் ஒருத்தரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பாங்க. நம்ம செங்கல்பட்டு ஜில்லாக்காரர் இரட்டைமலை சீனிவாசன், பரங்கிமலைக்காரர் எம்.சி. ராஜா, ரெண்டு பேரும் அதில் கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் எதிர் எதிர் நிலையில் இருந்தவங்க.

விட்டுப் போற பக்கம் இதுதான். இந்த ஏற்பாட்டை எப்ப எடுக்கிறது? அம்பேத்கர் சொன்னார்: அதை ஒடுக்கப்பட்ட மக்கள்கிட்டயே வாக்கெடுப்பு வைத்துக் கேளுங்க. நாட்டைக் கேட்காதே, ஊரைக் கேட்காதே. யாருக்காக இந்த ஏற்பாடு இருக்கோ அவனைக் கேள். இதில்தான் பேச்சுவார்த்தை முட்டி நின்றது. பத்து வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று அம்பேத்கர். அஞ்சு வருஷம் என்று காந்தி. ஒரு பக்கம் அவர் உயிர் போய்க்கிட்டிருக்கு, இன்னொரு பக்கம் அது போனால் நாடு முழுக்க சேரி எரியும் என்ற பயம். கடைசியில் வாக்கெடுப்பு என்ற சொல்லே இல்லாமல் ஒப்பந்தம் எழுதினாங்க. இடஒதுக்கீடு, சம்பந்தப்பட்ட சமூகங்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டு முடிவு செய்யும் வரை தொடரும் என்று போட்டாங்க. ஊரும் சேரியும் ஒத்துக்கொண்டு! பூனாவில் தனித்தொகுதி போனதைப் பற்றி எழுபது எண்பது வருஷமா எழுதுறோம். அதே நாளில் போன இந்த வாக்கெடுப்பைப் பற்றி நம்ம பத்திரிகைகள் எழுதினது ரொம்பக் குறைவு.

1950 சட்டத்தில் முதல்நிலைத் தேர்தலும் போச்சு. மிச்சம் இருந்தது 334ஆவது பிரிவு: தனித்தொகுதி பத்து வருஷத்துக்கு. அம்பேத்கரே 1955இல் ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷன் மூலம், இந்தச் சட்டமன்ற, நாடாளுமன்ற ஒதுக்கீடு இனி வேண்டாம் என்று தீர்மானம் போட வைத்தார். கூட்டுத் தொகுதியில் ஜெயிக்கிறவன் யாருக்கு நன்றியோடு இருப்பான் என்று அவருக்குத் தெரியும். ஆனா 1959இல் எட்டாவது திருத்தம் போட்டு நீட்டினாங்க. அப்புறம் 1969, 1980, 1989, 1999, 2009, 2019. ஏழு தடவை. வேணும்னு சொன்ன தலித்தையும் கேட்கலை, வேண்டாம்னு சொன்ன தலித்தையும் கேட்கலை. 2019 டிசம்பர் 10இல் மக்களவை, 12இல் மாநிலங்களவை. ஜனவரி 25க்குள் பாதி மாநிலங்கள் ஒப்புதல் தரணும் என்று அவசரம். உத்தரப் பிரதேசம் டிசம்பர் 31ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு முடிச்சுது. அடுத்த கெடு 2030 ஜனவரி 25.

நம்ம ஸ்ரீபெரும்புதூரையே பாருங்க. சட்டமன்றத்துக்குத் தனித்தொகுதி. நாடாளுமன்றத்துக்கும் தனித்தொகுதியாகத்தான் இருந்தது, தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2009இல் இருந்து பொதுத்தொகுதி. அதில் எத்தனை சேரி இருக்கு, எத்தனை கம்பெனி இருக்கு என்று எல்லாம் கணக்கு இருக்கும். மாற்றும்போது சேரிகிட்ட யாராவது சொன்னாங்களா? காலையில் எழுந்தோம், மாறியிருந்தது.

சம்மதம் என்ற விஷயத்தில் இந்தப் பகுதிக்கு இன்னொரு அனுபவம் உண்டு. 2013இல் நிலம் எடுப்புச் சட்டம் வந்தது. தனியார் கம்பெனிக்கு எடுத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் 80 சதவீதம் சம்மதிக்கணும் என்றது. நல்ல சட்டம்னு கை தட்டினாங்க. உள்ளே படிச்சுப் பாருங்க. நிலத்தை நம்பிக் கூலி வேலை செய்கிறவனும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். ஆனா அந்த 80 சதவீதத்தை எண்ணும்போது நிலச் சொந்தக்காரன், அரசு கொடுத்த நிலம் வைத்திருப்பவன், இவங்க ரெண்டு பேரைத்தான் எண்ணணும். நாத்து நட்டவளுக்கு அதில் ஓட்டு இல்லை. அதையும் தமிழ்நாடு விட்டு வைக்கலை. தன் 1997 தொழிற்சாலை நில எடுப்புச் சட்டத்துக்கு இது பொருந்தாது என்று மாநிலத் திருத்தம் போட்டு, 2015 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியாச்சு. 1892இல் சர்க்கார் நமக்கு என்று ஒதுக்கின பஞ்சமி நிலமே கைமாறிப்போன ஜில்லா இது. 1994இல் காரணையில் அதைக் கேட்கப் போய் ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. இந்த ஜில்லாவில் சம்மதம் கேட்பதுன்னா, ஏற்கெனவே நிலத்தை வைத்திருப்பவனைக் கேட்பது என்றுதான் அர்த்தம்.

அதனால நான் கேட்கிறது இது. அரசியல் சட்டத்தில் நம்மை நேரடியாகத் தொடுகிற பிரிவுகள் உண்டு. 15(4), 16(4), 17, 330, 332, 334, 341. இதைத் திருத்தணும்னா நாடாளுமன்றமும் சட்டமன்றமும் செய்வதைச் செய்யட்டும். கூடவே பட்டியல் சாதி, பழங்குடி வாக்காளர்களின் சம்மதம் தனியா வாங்கணும். 1932இல் எரவாடாவில் விட்டுப்போனதை எழுதிச் சேர்க்கணும்.

உடனே ஒரு எதிர்ப்பு வரும். "இது நாட்டைப் பிரிக்கும்." காந்தியும் அதைத்தான் சொன்னார். ஊர் என்றும் சேரி என்றும் பிரிச்சு, சுடுகாட்டையும் பிரிச்சு வைத்தவன், ஓட்டுப் பெட்டி தனியா வேணும்னா மட்டும் ஒற்றுமை பேசுறான். இதுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன்.

பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேற இருக்கு. அது நமக்குள்ளே இருந்து வரும் கேள்வி. நம்ம பட்டியல்ல யார் யார்? 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவ தலித் பட்டியல் சாதி இல்லை. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தாங்க. கிறிஸ்தவர், முஸ்லிம் இன்னும் வெளியேதான். செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரே வீட்டில் அண்ணன் உள்ளே, தம்பி வெளியே. சர்க்கார் பட்டியலை வைத்து நாமும் வாக்கெடுப்பு நடத்தினால், கொழுந்து கிள்ளினவளுக்கு இலங்கை செய்ததை நாம நம்ம தம்பிக்குச் செய்வோம். அருந்ததியர் விஷயமும் அப்படியே. 2009இல் அவங்களுக்கு மூணு சதவீதம் உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் முகம் சுளிச்சாங்க. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும்னு சொன்ன பிறகும் சுளிக்கிறாங்க. எண்ணிக்கையில் பெரிய சாதி சின்ன சாதியை ஓட்டால் அமுக்குவது தப்புன்னா, அது சேரிக்குள்ளேயும் தப்புதான்.

சட்டம் வரும் வரை காத்திருக்கணுமா? ஏகனாபுரத்தைப் பாருங்க. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம்னு 2022இல் இருந்து கிராம சபையில் தீர்மானம் போட்டுக்கிட்டே இருக்காங்க. அந்தத் தீர்மானத்துக்குத் திட்டத்தைத் தடுக்கிற சட்ட பலம் கிடையாது. ஆனா "மக்கள் சம்மதத்தோடுதான் செய்கிறோம்" என்று ஒரு மந்திரியும் அந்த ஊரில் நின்று சொல்ல முடியலை. இந்தக் கூட்டத்தை நடத்துற தோழர்கள் முடிவு செய்திருப்பது அந்த மாதிரி ஒரு வேலை. 2030க்கு முன்னாடி, இந்தப் பகுதியில் உள்ள காலனிகளில் நாமே ஒரு வாக்கெடுப்பு. கேள்வி மூணு. தனித்தொகுதி 2030க்குப் பிறகும் தொடரணுமா? தொடர்ந்தால், வேட்பாளரை முதலில் நம்ம வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிற 1932 முறை வேணுமா? நம்மைத் தொடுகிற பிரிவுகளைத் திருத்த நம்ம சம்மதம் கட்டாயம்னு சட்டத்தில் எழுதணுமா? ஆமாம், இல்லை, ரெண்டு கட்டம். எந்தக் கட்டத்தில் போடணும்னு நான் இங்கே சொல்ல மாட்டேன். தனித்தொகுதியே வேண்டாம்னு நினைக்கிறவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்காங்க, அவங்களும் வந்து போடணும்.

பட்டியலை சர்க்கார்கிட்ட வாங்க மாட்டோம். தெருத்தெருவா நாமே எழுதுவோம். தேவாலயத்துக்குப் போறவங்க பேரும் இருக்கும், அருந்ததியர் தெருவும் இருக்கும், வெளியூர்ல இருந்து வந்து கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிற நம்ம பிள்ளைங்க பேரும் இருக்கும். பதினெட்டு வயசான எல்லோரும். நைட் ஷிப்டு போறவங்களுக்காக ஞாயிறு காலையில ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம். வீட்டுக்கு ஒரு ஓட்டுன்னு அப்பனே எல்லாருக்கும் சேர்த்துப் போடும் வேலை கிடையாது. பெண்கள் அவங்க சீட்டை அவங்களே மடிச்சுப் போடணும், எண்ணும்போது மேஜையிலும் உட்காரணும். எழுதத் தெரிஞ்ச அக்காமார், தங்கைமார் பத்துப் பேர் வேணும். நோட்டு அந்தத் தூண் ஓரம் உட்கார்ந்திருக்கிற தோழர்கிட்ட இருக்கு, போகும்போது பேரைக் கொடுத்துட்டுப் போங்க.